குட்டி யானைக்கு எவ்வளவு தீனி?

வீடு மாற்ற வேண்டுமா? கடைக்கு அரிசி மூட்டை வர வேண்டுமா? கல்யாண மண்டபத்துக்குச் சீர்வரிசைச் சாமான் போக வேண்டுமா? 'சிறிய ரக சரக்கு வாகனம் வேண்டும்' என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்பதில்லை. 'ஒரு குட்டி யானை சொல்லுப்பா' என்பதுதான் வழக்கம். டாடா ஏஸ் வண்டிக்கு மக்களே வைத்த பெயர் அது. வடக்கே அதையே 'சோட்டா ஹாத்தி' என்கிறார்கள். இப்போது எந்த கம்பெனியின் சின்ன வண்டி வந்து வாசலில் நின்றாலும் அதுவும் குட்டி யானைதான்.

யானை என்றால் தீனி போட வேண்டும். இந்த யானைக்குத் தீனி டீசலோ பெட்ரோலோ. ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளில் பல, கடன் வாங்கி வாங்கியவை. ஓட்டுநரே முதலாளி. கிடைக்கும் வாடகையில் வண்டி டியூ, இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர், எரிபொருள் எல்லாம் போக மிஞ்சுவதுதான் வீட்டுச் செலவுக்கு. டியூவையும் இன்ஷூரன்ஸையும் யாரும் குறைத்துக்கொள்ள முடியாது. கொஞ்சமாவது கைக்குள் இருப்பது எரிபொருள் செலவு ஒன்றுதான்.

அதனால்தான் இரண்டு வண்டிக்காரர்கள் சந்தித்தால் முதல் கேள்வி, 'அண்ணே, மைலேஜ் எவ்வளவு தருது?' நியாயமான கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதியைக் கேட்காததால்தான் பல பேர் கையில் காசு நிற்பதில்லை.

மூன்று சக்கரத்திலிருந்து நான்குக்கு

2005-க்கு முன்னால் ஊருக்குள் சின்னச் சுமை என்றால் மூன்று சக்கர லோடு ஆட்டோ. பெரிய சுமை என்றால் லாரி. நடுவில் பெரிதாக எதுவும் இல்லை. அரை டன் தக்காளியை ஊருக்குள் கொண்டுவர லாரி பிடித்தால் வாடகை கட்டாது. லோடு ஆட்டோ என்றால் நெடுஞ்சாலையில் திணறும்.

இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் டாடா மோட்டார்ஸ் 2005 மே மாதம் ஏஸ் வண்டியைக் கொண்டுவந்தது. கிரிஷ் வாக் தலைமையில் அதை உருவாக்கிய குழு, முதலில் மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர்களிடம் போய்ப் பேசியது. வந்த வண்டியில் 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். சக்தி வெறும் 16 குதிரைத்திறன். இன்றைய நடுத்தர மோட்டார் பைக்குகள் சிலவே இதைத் தாண்டிவிடும். ஆனால் அந்த எஞ்சின் முக்கால் டன் சுமையை இழுத்தது.

சின்ன எஞ்சின், குறைந்த வேகம், அளவான சுமை. சிக்கனத்தின் ரகசியம் அந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது. பின்னால் 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த், 2015-ல் மகிந்திராவின் ஜீட்டோ, 2016-ல் மாருதியின் சூப்பர் கேரி என்று வரிசையாக வந்தன. வகைகள் பெருகின, கணக்கு மட்டும் மாறவில்லை.

மைலேஜ் சொல்லாத கணக்கு

ஒரு வண்டி மாதம் 2,000 கி.மீ. ஓடுகிறது, டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 கி.மீ. மைலேஜுக்கு 111 லிட்டர் செலவாகும். அதே வண்டி 15-க்கு இறங்கிவிட்டால் 133 லிட்டர். வித்தியாசம் 22 லிட்டர், அதாவது மாதம் சுமார் 2,000 ரூபாய். பிள்ளையின் டியூஷன் பீஸ் அதில் அடங்கிவிடும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மைலேஜ் 18-லிருந்து 21-க்கு ஏறினால் மாதம் மிச்சமாவது 16 லிட்டர். 12-லிருந்து 15-க்கு ஏறினாலோ 33 லிட்டர். இரண்டுமே மூன்று கி.மீ. உயர்வுதான், மிச்சம் மட்டும் இரு மடங்கு. ஆகவே, நன்றாக ஓடும் வண்டியில் இன்னும் கொஞ்சம் கறக்கப் பார்ப்பதைவிட, மோசமாகக் குடிக்கும் வண்டியைச் சரிசெய்வதே அதிக லாபம். இரண்டு வண்டி வைத்திருப்பவர், மெக்கானிக்கிடம் எதை முதலில் விடுவது என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

காலி வண்டியும் குடிக்கும்

இப்போது கேட்காத மீதிப் பாதிக் கேள்வி: அந்த ஒரு லிட்டரில் எத்தனை கிலோ சரக்கு போய்ச் சேர்ந்தது?

ஒரு சந்தையிலிருந்து 30 கி.மீ. தள்ளியிருக்கும் ஊருக்கு 600 கிலோ காய்கறி போகிறது. சுமையோடு 15 கி.மீ. மைலேஜ், காலியாகத் திரும்பும்போது 18 என்று எடுத்துக்கொள்ளலாம். போக 2 லிட்டர், வர 1.67 லிட்டர். மொத்தம் 3.67 லிட்டர், 337 ரூபாய். கிலோவுக்கு 56 காசு.

திரும்பும்போது 400 கிலோ வேறு சரக்கு கிடைத்தால்? அது காலி அட்டைப்பெட்டியாக இருக்கலாம், சிமென்ட் மூட்டையாக இருக்கலாம், கடைச் சாமானாக இருக்கலாம். திரும்பும் வழியில் மைலேஜ் 16-க்கு இறங்கும். மொத்தச் செலவு 3.88 லிட்டர், 357 ரூபாய். ஆனால் இப்போது போய்ச் சேர்ந்தது 1,000 கிலோ. கிலோவுக்கு 36 காசு.

மைலேஜை மட்டும் பார்ப்பவர், 'வண்டி 16.3 கொடுத்தது, இன்றைக்கு 15.5 ஆகிவிட்டதே' என்று வருத்தப்படுவார். உண்மையில் அன்றைக்குத்தான் அவர் வண்டி சிக்கனமாக ஓடியிருக்கிறது. கூடுதலாக 20 ரூபாய் டீசலுக்கு 400 கிலோவின் வாடகை கையில் வந்திருக்கிறது.

இது எப்படி? காரணம் வண்டியின் சொந்த எடை. இந்த ரக வண்டிகள் காலியாகவே ஏறக்குறைய ஒரு டன் வரை இருக்கும். எஞ்சினுக்குள் உராய்வு, கியர் பெட்டி சுற்றுவது, காற்றை முட்டித் தள்ளுவது, எல்லாம் காலி வண்டிக்கும் உண்டு. டீசலில் பெரும்பங்கு வண்டியை நகர்த்தவே போகிறது. சரக்குக்கென்று போவது அதற்கு மேல் கொஞ்சம்தான். ஆகவே காலியாகத் திரும்பும் ஒவ்வொரு கிலோமீட்டரும், இரும்பையும் ரப்பரையும் சுற்றுலா கூட்டிப்போன கணக்கு.

ஸ்டாண்டில் அனுபவசாலிகள் வாடகை பேசி முடித்ததும் அந்த ஊர் நண்பருக்கு போன் போட்டு, 'தம்பி, மத்தியானம் உங்க பக்கம் வர்றேன், ரிட்டன் லோடு ஏதாவது இருக்கா?' என்று கேட்பது இதனால்தான். அந்த ஒரு போன், எந்த எரிபொருள் சேமிப்புக் கருவியையும்விட அதிகமாகச் சம்பாதித்துக் கொடுக்கும்.

எந்த யானைக்கு எந்தச் சுமை?

அதே 600 கிலோவை, 'காலையில் பாதி, சாயந்திரம் பாதி' என்று இரண்டு நடையாகப் பிரித்தால் என்ன ஆகும்? பாதிச் சுமையோடு போகும்போது மைலேஜ் 16.5 கிடைத்தாலும், இரண்டு முறை போய் வர 7 லிட்டர் ஆகிவிடும். கிலோவுக்கு ஒரு ரூபாய் 7 காசு. செலவு ஏறக்குறைய இரு மடங்கு.

பெரிய பிக்கப் வாங்கிவிட்டால் தீர்ந்துவிடுமா? அது சுமையைப் பொறுத்தது. ஒன்றேகால் டன்னுக்கு மேல் தாங்கும் பிக்கப் சுமையோடு 11, காலியாக 14 கொடுப்பதாகக் கொண்டால், அதே 30 கி.மீ.க்கு 1,200 கிலோவை ஒரே நடையில் கொண்டுபோய்விட்டுத் திரும்ப 4.87 லிட்டர். கிலோவுக்கு 37 காசு. குட்டி யானை அதற்கு இரண்டு நடை அடிக்க வேண்டும். கிலோவுக்கு 56 காசு. இங்கே பெரிய வண்டிதான் சிக்கனம்.

ஆனால் அதே பெரிய பிக்கப்பில் தினமும் 300 கிலோ மட்டும் ஏற்றினால் கிலோவுக்கு ஒரு ரூபாய் 36 காசு வரை போய்விடும். எப்போதோ வரும் பெரிய லோடுக்காகப் பெரிய வண்டி வாங்கி, வருஷம் முழுக்கப் பாதி காலியாக ஓட்டுபவர், இல்லாத சுமைக்கு டீசல் ஊற்றுகிறார். வாங்கும்முன் பார்க்க வேண்டியது, 'அதிகபட்சம் எவ்வளவு ஏற்றுவேன்' என்பதை அல்ல. 'மாதத்தில் இருபது நாள் எவ்வளவு ஏற்றுவேன்' என்பதை.

இதைப் படிக்கும்போது ஒரு சந்தேகம் வரும். சுமை கூடக் கூட கிலோவுக்குச் செலவு குறைகிறது என்றால், அளவுக்கு மேல் ஏற்றினால் இன்னும் லாபம்தானே? டீசல் கணக்கு மட்டும் என்றால் ஆமாம். அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பட்டை நசுங்கும், கிளட்ச் தேயும், டயர் சூடாகி வெடிக்கும், பிரேக் பிடித்தால் வண்டி சொன்ன இடத்தில் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். நூறு நடையில் மிச்சம் பிடித்ததை ஒரே செக்போஸ்ட் வாங்கிக்கொள்ளும். உயிருக்கு விலை இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஓட்டும் காலில் இருக்கிறது காசு

லோடு கிடைப்பது ஓட்டுநர் கையில் மட்டும் இல்லை. ஓட்டும் விதம் முழுக்க அவர் கையில், சரியாகச் சொன்னால் அவர் காலில் இருக்கிறது.

வேகம்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 50-லிருந்து 70-க்குப் போனால், காற்று எதிர்த்துத் தள்ளுவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரின் முகம் சரிவாக இருக்கும். குட்டி யானையின் முகமோ சுவர் மாதிரி. சின்ன எஞ்சின் வேறு. மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தைச் சிக்கனமான வேகம் என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. 30 கி.மீ. தூரத்தை 70-ல் போனால் 26 நிமிடம். 50-ல் போனால் 36 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் கூடுதல் டீசல்.

பிரேக்: சுமை ஏற்றிய வண்டியைக் கிளப்பி ஓடவைக்க நிறைய டீசல் செலவாகிறது. திடீர் பிரேக் போட்டால் அத்தனையும் சூடாகிக் காற்றில் போகிறது. சிக்னல் சிவப்பாக இருப்பது தூரத்திலேயே தெரிந்தால், அப்போதே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவதுதான் பழகிய ஓட்டுநரின் அடையாளம்.

நியூட்ரல்: ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்கும்போது, நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டு எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் எரிபொருள் வருவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். கூடவே எஞ்சின் பிரேக்கும் போய்விடுவதால், மொத்தப் பாரத்தையும் பிரேக் ஷூ தாங்கிச் சூடாகும். மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

காற்று: டயரில் காற்று குறைந்தால் டயர் நசுங்கி நசுங்கி உருளும். அப்படி நசுக்குவதற்கும் டீசல்தான் செலவு. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாவதற்குள் பார்க்க வேண்டும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு என்று வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும்.

தார்பாய்: லூசாகக் கட்டிய தார்பாய் படபடவென்று அடித்துக்கொண்டால், காற்று வண்டியைப் பின்னால் இழுக்கிறது என்று அர்த்தம். சுமையை உயரமாக அடுக்காமல், கேபினை ஒட்டி, தாழ்வாக, பரவலாக அடுக்கி இறுக்கிக் கட்டினால் டீசலும் மிஞ்சும். வளைவில் வண்டியும் சாயாது.

நிற்கும் எஞ்சின்: லோடு ஏற்றும்வரை எஞ்சினை ஓடவிட்டே வைத்திருப்பது பழக்கம். சும்மா நின்று ஓடும் சின்ன எஞ்சினும் ஒரு மணி நேரத்தில் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை குடித்துவிடும். மைலேஜ் சுழியம்.

டீசலா, பெட்ரோலா, கேஸா, கரண்டா?

முன்பெல்லாம் சரக்கு வண்டி என்றால் டீசல்தான். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட ஆற்றல் பத்து சதவிகிதத்துக்கு மேல் அதிகம். டீசல் எஞ்சின் அதை இன்னும் நன்றாகப் பயன்படுத்தவும் செய்யும். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் டீசல் எஞ்சினுக்கு அதிகம் தேவைப்பட்டதால் விலை ஏறியது. சின்ன வண்டிகளில் பெட்ரோலும் சி.என்.ஜி.யும் பெருகியதற்கு இது முக்கியக் காரணம்.

பெட்ரோல் வண்டி வாங்க மலிவு, பராமரிப்பும் குறைவு. மைலேஜ் கொஞ்சம் குறையும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். தினமும் 30, 40 கி.மீ. மட்டும் ஊருக்குள் சுற்றும் தண்ணீர் கேன்காரருக்கும் பேக்கரிக்காரருக்கும் பெட்ரோல் போதும்.

சி.என்.ஜி.யில் கிலோமீட்டருக்குச் செலவு குறையும். ஆனால் சிலிண்டரின் எடை, ஏற்றக்கூடிய சுமையில் கழிந்துபோகும். பங்க்கில் வரிசையில் நிற்கும் நேரமும் வாடகை இழப்புதான். ஓடும் வழியில் நல்ல சி.என்.ஜி. பங்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கலாம்.

கரண்ட் வண்டியும் வந்துவிட்டது. 2022-ல் அறிமுகமான ஏஸ் இ.வி.யின் பேட்டரி 21.3 யூனிட், ஒரு சார்ஜில் 154 கி.மீ. என்று சோதனைச் சான்று. சுமையோடு, சாலையில் 100 கி.மீ.தான் கிடைக்கிறது, யூனிட் 10 ரூபாய் என்று இறுக்கமாகவே கணக்குப் போட்டாலும், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 13 காசு. 16 கி.மீ. மைலேஜ் தரும் டீசல் வண்டிக்கு 5 ரூபாய் 75 காசு. மாதம் 2,000 கி.மீ. ஓடினால் மிச்சம் 7,000 ரூபாய்க்கு மேல். ஆனால் வாங்கும் விலை அதிகம், டியூவும் அதிகம். தினமும் ஒரே வழியில், ராத்திரி ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு இது பொருந்தும். 'இன்றைக்கு எந்த ஊர் லோடு வருமோ' என்று காத்திருப்பவருக்கு இப்போதைக்குச் சிரமம்.

ஒரு நோட்டு போதும்

மேலே உள்ள மைலேஜ் எல்லாம் கணக்குக்காக வைத்தவை. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் சொந்த எண் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பத்து ரூபாய் நோட்டு போதும்.

டேங்க் நிரம்பி, பம்ப் தானாக நிற்கும்வரை டீசல் போட்டு, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாள் ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்ப வேண்டும். இரண்டாவது முறை பிடித்த லிட்டர்தான் இடையில் செலவானது. ஓடிய கிலோமீட்டரை அதனால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். '500 ரூபாய்க்குப் போடுங்க' என்று தினமும் போட்டால் இந்தக் கணக்கு ஒருநாளும் கிடைக்காது.

அதே நோட்டில் இன்னும் இரண்டு வரிசை சேர்க்க வேண்டும். ஒன்று, ஏற்றிய கிலோ. இன்னொன்று, காலியாக ஓடிய கிலோமீட்டர். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ராத்திரி ஐந்து நிமிடத்தில் எழுதிவிடும். மாதக் கடைசியில் 2,000 கி.மீ.க்கு 900 கி.மீ. காலி ஓட்டம் என்று தெரிந்தால், அடுத்த மாதம் அதை 700 ஆக்க என்ன வழி என்று தானாக யோசனை வரும். மைலேஜ் திடீரென்று இரண்டு கி.மீ. குறைந்தால், ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோ பிரேக் பிடிப்போ, ஏதோ ஒன்று வண்டி முழுசாகப் படுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

வண்டி கூப்பிடுகிறவர்களுக்கும்

டீசல் கணக்கில் வாடகை கொடுப்பவர்களுக்கும் பங்கு உண்டு. வீடு மாற்றுபவர்கள், என்னென்ன சாமான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சரியான அளவு வண்டி வரும். கட்டில், மெத்தை, பீரோ எல்லாம் எடை குறைவு, இடம்தான் அடைக்கும். எண்ணிக்கை தெரியாமல் சின்ன வண்டி வந்தால் இரண்டு நடை. பணமும் இரண்டு மடங்கு.

வெளியூருக்குச் சாமான் அனுப்ப, இன்றே போக வேண்டும் என்ற அவசரம் இல்லையென்றால், 'அந்தப் பக்கம் காலியா திரும்புற வண்டி ஏதாவது இருக்காண்ணே?' என்று ஸ்டாண்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். எப்படியும் ஓடப்போகிற வண்டி. வாடகையில் நல்ல தொகை குறையும். ஓட்டுநருக்கும் சும்மா போக வேண்டிய டீசல் காசாகும். பேரம் பேசி அவர் வயிற்றில் அடிக்காமல், இருவருக்கும் லாபம் வரும் வழி அது.